திருப்பி அனுப்பாத வீடு

மூன்றாவது வீட்டுக்காரர்களும் ராக்காயியை ஈப்போ பிள்ளைகள் இல்லத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். தெலுக் இந்தானில் துணிக்கடை வைத்திருந்த அவர்கள் நல்ல மனிதர்கள்தாம். அந்த அம்மாளின் முன்கையில் பல் பதிந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

"குத்தம் சொல்லலீங்க மிஸ்ஸி," என்று புனிதவதியிடம் சொன்னாள் அந்த அம்மாள். "எங்க வீட்டுலயும் சின்னப் பிள்ளைங்க இருக்கு. பயமா இருக்கு லா."

காரிலிருந்து இறங்கிய ராக்காயி யாரையும் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பெண், ஐந்து வயது உடம்பு. பாவாடை மடியில் எதையோ சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். மடியில் இருப்பது காய்ந்த ரொட்டி என்று புனிதவதிக்குத் தெரியும். பழைய கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள் என்பதும் தெரியும்.

புனிதவதிக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவள் கலங்கிவிடவில்லை. தவறு பிள்ளையிடமும் இல்லை, துணிக்கடைக்காரரிடமும் இல்லை. பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்த விதத்தில் இருக்கிறது. அதைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்று அவள் நம்பினாள்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. மனநல மருத்துவமனையில் பிள்ளைகள் வார்டில் வெகுகாலம் தாதியாக இருந்தவள் அவள். அதனால்தான் இல்லத்துக்கு வந்த பிறகும் ஊர் முழுக்க அவளை மிஸ்ஸி என்றே கூப்பிட்டது. வார்டில் மருந்து கொடுத்தாள், ஊசி போட்டாள், பிள்ளைகள் அமைதியானார்கள். வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் திரும்ப வந்தார்கள். அடிபட்டு, பட்டினி கிடந்து, மனிதர்களைக் கண்டாலே மிரளுகிற பிள்ளைக்கு வரிசைக் கட்டில் உதவாது, ஒரு வீடு வேண்டும், எத்தனை முறை கடித்தாலும் மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கிற ஓர் ஆள் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. எழுபத்தேழாம் ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஈப்போவில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்ந்தாள். இல்லத்தின் தலைவர் ஸ்கந்தராஜாவிடம் போய், மிகவும் காயப்பட்ட பிள்ளைகளைக் குடும்பங்களோடு வைத்து வளர்க்க அனுமதி கேட்டாள்.

ஸ்கந்தராஜா, புனிதவதியைப் போலவே யாழ்ப்பாண வம்சாவளி, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "புனிதம், சாதாரணப் பிள்ளையளையே வளர்க்க ஆள் இல்லை. இதுகளை ஆர் எடுப்பினம்?" என்றார்.

"எடுப்பினம் ஐயா. பிள்ளையோடை சேர்த்து என்னையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுவன்."

அப்படித்தான் சொன்னாள். பழைய டட்சன் காரை எடுத்துக்கொண்டு பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றினாள். கோவிலில் கேட்டாள், பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் கேட்டாள், சீனப் புதுக்கிராமத்துச் சந்தையில் கேட்டாள். கோலகங்சாரில் ரொக்கியா என்ற மலாய் ஆசிரியை சம்மதித்தார். மெங்லெம்புக்கு அப்பால் பன்றிக்கொட்டில் வைத்திருந்த ஒரு சீனத் தம்பதி சம்மதித்தது. மாதம் ஒரு ஞாயிறு எல்லாரும் ஈப்போவுக்கு வந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் கூட்டத்தில் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்ற குழப்பத்தில் யாருமே எதையும் தொடவில்லை. அடுத்த முறை புனிதவதி மலாய்க்காரர் கடையில் எல்லாரும் சாப்பிடக்கூடியதாக, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பப் வாங்கி வைத்தாள். தட்டு காலியானது. பேச்சும் வந்தது. பாதி மலாய், பாதி சைகை. என் பிள்ளை சுவரில் முட்டிக்கொள்கிறான் என்று சீனக்காரர் சொல்ல, என்னுடையவளும் அப்படித்தான், முட்டுகிற இடத்தில் நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று ரொக்கியா எழுந்து நடித்துக் காட்டினார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் ராக்காயி விஷயத்தில் புனிதவதி அவசரப்பட்டிருந்தாள். தமிழ்ப் பிள்ளை, தமிழ்க் குடும்பம், வசதியான வீடு என்று பார்த்தாளே தவிர, அந்தத் துணிக்கடை வீட்டுக்காரர்கள் எதற்குத் தயாராக இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

ராக்காயி சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தாய் பிரசவத்தில் போய்விட்டாள். தகப்பன் ராமையா பால்வெட்டுக்காரன். மனைவி போன பிறகு சம்சு என்கிற மலிவுச் சாராயத்துக்கு அடிமையானான். வேலைக்குப் போகும்போது பிள்ளையை லயத்து வரிசை வீட்டுக்குள் தூணில் கட்டிவைத்துவிட்டுப் போவான். ஒருநாள் போனவன் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடந்தான், வீட்டுக்கு வரவில்லை. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகள் காலி. தோட்டத்தை விற்று, ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்த சமயம் அது. ரேஷன் கொண்டுவந்த ஒருவர்தான் முனகல் கேட்டுக் கதவை உடைத்தார்.

இந்தப் பிள்ளைக்கு யார் என்று யோசித்தபோது சுங்கை சிப்புட் நல்லம்மாள் நினைவுக்கு வந்தாள்.

நல்லம்மாள் போன மாதம்தான் இல்லத்துக்கு வந்து, தனக்குப் பிள்ளை இல்லை, ஒரு பிள்ளை கொடுப்பீர்களா என்று கேட்டிருந்தாள். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்ட பிறகு, ஊர் ஓரத்தில் பலகை வீடு கட்டிக் கணவன் சன்னாசியோடு இருந்தாள். சன்னாசி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். நல்லம்மாள் பிறப்பால் சீனத்தி. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ஒரு சீனக் குடும்பம் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தை.

செயற்குழுவில் இதைச் சொன்னதும் ஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றினார். "தமிழ்ப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சீனத்தி வீட்டிலை விடுறதே? ஊர் என்ன சொல்லும்?"

"நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோ ஐயா," என்றாள் புனிதவதி.

அந்த வாரமே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பலகை வீட்டு வாசலில் கைலி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, வெள்ளை வெளேரென்று ஒரு பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க சார், வாங்க மிஸ்ஸி! ஏன் வெயில்ல நிக்கிறீங்க? இந்தா மனுசன் நாக்காலிய எடுத்துப் போடாம எங்க போனாரு? யோவ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொல்லையிலிருந்து சன்னாசி ஓடிவந்தான். ஸ்கந்தராஜா தாம் எழுபது வருடமாகக் கேட்டிராத தடித்த தோட்டத்துத் தமிழில் தம்முடைய ரத்த அழுத்தம், சாப்பாடு, மருமகள் எல்லாவற்றையும் பற்றி விசாரிக்கப்பட்டார். திரும்பும்போது, கார் ஈப்போ எல்லைக்குள் நுழைந்த பிறகு, "சரி, பிள்ளையை விடு," என்றார்.

இந்த முறை புனிதவதி அவசரப்படவில்லை. ராக்காயி என்னென்ன செய்வாள் என்று நல்லம்மாளையும் சன்னாசியையும் உட்காரவைத்துச் சொன்னாள். கடிப்பாள். சோற்றை ஒளித்து வைப்பாள். கதவைச் சாத்தினால் அலறுவாள். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் வந்தால் தட்டை வீசுவாள்.

"எதுக்கு வீசுறா?" என்று சன்னாசி கேட்டான்.

"தகப்பன் அடிக்கிறது சாப்பாட்டு நேரத்திலை. அதுதான். அவளை மாத்தப் பாக்காதேங்கோ. தட்டை மாத்துங்கோ. பீங்கான் வேண்டாம். இன்னொண்டு. என்ன நடந்தாலும் என்னைக் கூப்பிடுங்கோ, நான் வருவன். ஆனா அவளைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு வரமாட்டன். அதுக்குச் சம்மதமெண்டாத்தான் பிள்ளை."

நல்லம்மாள் கணவனைப் பார்த்தாள். சன்னாசி தலையைச் சொறிந்தான். "சரிங்க மிஸ்ஸி. பாத்துக்கலாம்."

காரிலிருந்து இறங்கிய ராக்காயி வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடி நின்றாள். "ஏய் கண்ணு, செருப்புல முள்ளு இருக்கு பாரு, கால எடு," என்ற குரலைக் கேட்டுத் தலை நிமிர்ந்தாள். சீன முகத்திலிருந்து அவளுடைய தோட்டத்துப் பேச்சு வந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ஒரு மனித முகத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததைப் புனிதவதி அதற்கு முன் கண்டதில்லை.

ஆரம்ப வாரங்கள் எதிர்பார்த்த மாதிரியே கடினமாக இருந்தன. அலுமினியத் தட்டுகள் கொல்லை வரை பறந்தன. நல்லம்மாளின் தோளில் ஒரு கடி. தலையணை உறைக்குள் சோற்றுருண்டை புளித்துப்போய் எறும்பு மொய்த்தது. நல்லம்மாள் பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து போன் போடுவாள், புனிதவதி வருவாள். கொல்லையில் உட்கார்ந்து பேசுவார்கள். சோற்றைப் பிடுங்க வேண்டாம், மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுத்து அது அவளுடையது, யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லுங்கள் என்றாள் புனிதவதி. டின் கொடுத்தார்கள். எறும்பு நின்றது. நல்லம்மாள் களைத்துப்போகிற வாரங்களில் ராக்காயி சனிக்கிழமைகளில் கோலகங்சார் ரொக்கியா வீட்டுக்குப் போய்வந்தாள். அங்கே இரண்டு பூனைகள் இருந்தன. பூனைகளை அவள் கடிக்கவில்லை.

ஒருநாள் நல்லம்மாள் போனில் சிரித்தாள். "மிஸ்ஸி, இன்னைக்கு என்னைய ஒன்னு கேட்டா. 'உன்னைய ஏன் கொடுத்தாங்க?'ன்னு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"தெரியாது கண்ணு, நானும் யோசிச்சிருக்கேன், வாங்கினவங்க திருப்பிக் கொடுக்கல, அது மட்டும் தெரியும்னேன். அப்புறம் உக்காந்து முருங்கை உருவிக் கொடுத்தா."

எல்லாம் கூடிவருகிறது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் லோரி விவகாரம் வந்தது.

காலை ஏழு மணிக்குக் கோப்பிக்கடையிலிருந்து பேசியது சன்னாசி. அவன் போனில் பேசுவது அதுதான் முதல் தடவை. "மிஸ்ஸி, ஒடனே வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

புனிதவதி போனபோது வாசலில் லோரி நின்றது. டீசல் தொட்டியின் மூடி திறந்திருந்தது. வாயோரம் மணல். கிளப்புவதற்கு முன்பே சன்னாசி பார்த்துவிட்டான், அது ஒரு புண்ணியம். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொண்டு போயிருங்க மிஸ்ஸி. கடிச்சா பொறுத்துக்கிட்டேன். தட்டு வீசுனா பொறுத்துக்கிட்டேன். லோரி என்னுது இல்ல லா, தவுக்கேயோடது. அவன் நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொன்னா நாங்க மூணு பேரும் எங்க போறது?"

மூணு பேர் என்று அவன் சொன்னதைப் புனிதவதி கவனித்தாள். அதை வெளிக்காட்டவில்லை.

"தவுக்கேயோடை நான் கதைக்கிறன் அண்ணை. லோரிக்கு ஒண்டும் ஆகேல்லை. பிள்ளையைக் கொண்டு போகமாட்டன் எண்டு முதல் நாளே சொன்னனான்."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ. முதல்லை அவள் ஏன் செய்தாள் எண்டு கேப்பம்."

ராக்காயி கொல்லையில் குளியலறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கியிருந்தாள். நல்லம்மாள் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தாள், அழுதிருந்தாள். புனிதவதி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். ஏன் மணல் போட்டாய் என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைக்கே அது சொல்லத் தெரியாது. மணல் போட்டால் வண்டி ஓடாது. அப்படியென்றால் ஓடக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

"ராக்காயி, லோரி எங்கை போகக் கூடாது?"

கோழி ஒன்று வந்து இருவரையும் பார்த்துவிட்டுப் போனது.

"சிலிம் ரிவர்," என்றது ஒரு சின்னக் குரல்.

நல்லம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ! நேத்துச் சாப்பிடுறப்ப இவரு சொன்னாரு மிஸ்ஸி. பள்ளி லீவுல லோரி சிலிம் ரிவருக்குப் போகுது, பிள்ளைக்கு அது பொறந்த ஊரைக் காட்டிட்டு வரலாம்னு. சந்தோசப்படுவான்னு நெனச்சாரு."

புனிதவதி எழுந்து முன்பக்கம் போய்ச் சன்னாசியிடம் சொன்னாள். அவன் லோரியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். முகம் மெதுவாக மாறியது.

"நான் திருப்பிக் கொண்டு போய் விடப்போறேன்னு நெனச்சிருச்சா?"

"அவளை வண்டியிலை ஏத்தினவை எல்லாரும் அதைத்தானே செய்தவை."

அவன் திறந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, "தொட்டியக் கழுவணும்," என்றான்.

"அவளையும் வைச்சுக்கொண்டு கழுவுங்கோ. தண்டனையா இல்லை. அவள் கெடுத்ததை அவளே சரிசெய்யலாம் எண்டு அவளுக்குத் தெரியவேணும்."

தவுக்கேயிடம் புனிதவதியே போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் முதலில் கத்தினார், பிறகு கோப்பி வரவழைத்தார். இன்றைக்கு வேறு லோரி அனுப்புகிறேன், நாளைக்கு வண்டி ஓட வேண்டும் என்றார்.

அவள் திரும்பி வந்தபோது டீசலை வடித்துவிட்டிருந்தார்கள். தொட்டியின் வாய்க்குள் சன்னாசியின் கை நுழையவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு ராக்காயி தன் மெலிந்த கையைத் தோள் வரை உள்ளே விட்டு மணலைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். உடம்பெல்லாம் எண்ணெய். சன்னாசி பக்கத்தில் குந்தி, துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தான்.

"அந்த மூலையில பாரு. இருக்கா?"

"இருக்கு."

"எடு. ராக்காயி, நான் சொல்றதக் கேளு. இந்த லோரி உன்னைய அங்க கொண்டுபோகாது. நீயா கேட்டாத்தான் போகும். கேக்கலன்னா போகாது. சரியா?"

அவள் கையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தாள். "சரி," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக் கூட்டத்துக்குச் சன்னாசியே வந்தான். லோரி கதையை மலாயில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். தங்கள் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் ஆகாது என்று மெங்லெம்பு தம்பதி தங்களுக்குள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ராக்காயியின் தகப்பன் ராமையா இல்லத்துக்கு வந்தான். புனிதவதி அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தலை நரைத்திருந்தது, சட்டை தோய்த்திருந்தது. சம்சுவை விட்டுவிட்டதாகவும் செம்பனை ஆலையில் வேலை பார்ப்பதாகவும் சொன்னான். மகளைக் கேட்டான்.

ஸ்கந்தராஜா சங்கடப்பட்டார். "பெத்த தகப்பன், புனிதம். திருந்தி வந்திருக்கிறான். எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை ஐயா. அவளைக் கேக்காமல் ஓமெண்டும் சொல்லமாட்டன். முதல்லை பாக்கட்டும்."

சந்திப்பைக் கோலகங்சாரில் ரொக்கியா வீட்டில் வைத்தாள். அது ராக்காயிக்குப் பழகின இடம். ஆனால் அவளுடைய வீடு இல்லை, தகப்பன் வந்து மிதித்த இடமாக அது மாறினாலும் பெரிய இழப்பில்லை. முன்கூட்டியே ராக்காயியிடம் எல்லாம் சொன்னாள். யார் வருவார், எங்கே உட்காரலாம், போதும் என்று தோன்றினால் எழுந்து போய்விடலாம். நல்லம்மாளும் சன்னாசியும் அடுத்த அறையில் இருப்பார்கள். போக விருப்பமில்லை என்றால் போகவே வேண்டாம். ராக்காயி இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பாக்குறேன்," என்றாள்.

ராமையா ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான். ரொக்கியா எல்லாருக்கும் முன்னால் தட்டை வைத்து, "மக்கான் டுலு," என்றார், முதலில் சாப்பிடுங்கள் என்று. யாரும் சாப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்தான். மஞ்சள் கவுன். அவன் கடைசியாகப் பார்த்த பிள்ளைக்குச் சரியாக இருந்திருக்கும்.

"இது எனக்குப் பத்தாது," என்றாள் ராக்காயி.

"வளந்துட்ட," என்றான்.

அவள்தான் கேட்டாள். "என்னைய ஏன் கட்டிப்போட்ட?"

அவன் புனிதவதியைப் பார்த்தான். அவள் உதவிக்குப் போகவில்லை.

"நீ ஆத்துப் பக்கம் போயிருவேன்னுதான் மொதல்ல கட்டுனேன்," என்றான். நிறுத்தினான். "அப்புறம் குடிச்சிட்டு அவுக்க வரல. மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு. உம்மேல ஒன்னும் இல்ல."

பூனை ஒன்று ராக்காயியின் காலை உரசியது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அங்க வரல," என்றாள். "சுங்கை சிப்புட்லதான் இருப்பேன்."

ராமையா தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. உள்ளூரப் புனிதவதிக்கு அச்சமில்லை என்று சொல்ல முடியாது.

"சரிம்மா," என்றான் அவன்.

கவுனை மடித்துத் திரும்பப் பொட்டலத்தில் வைக்கப் போனான். ராக்காயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீ வேணா இங்க வா. சனிக்கெழமை. குடிக்காம வந்தா," என்றாள்.

அவன் வந்தான். எல்லாச் சனிக்கிழமையும் இல்லை. ஒருமுறை குடித்துவிட்டு வந்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டான், அதற்கப்புறம் சில மாதம் தலைகாட்டவில்லை. மறுபடியும் வந்தான். ராக்காயியும் நேர்கோட்டில் தேறவில்லை. பதிமூன்று வயதில் பள்ளியில் ஒரு பெண்ணின் சடையை வெட்டிவிட்டாள். சுங்கை சிப்புட் சாலை தன் டட்சனுக்கே மனப்பாடம் என்று புனிதவதி சொல்வாள். ஆனால் அந்தப் பலகை வீட்டிலிருந்து அவளைக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு முறைகூட அழைப்பு வரவில்லை.

பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் முடித்து ராக்காயி ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மொழியிலும் கூச்சமில்லாமல் சண்டை போடுவாள் என்று மேலாளர் சொன்னதாகச் சன்னாசி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதற்குள் புனிதவதியின் ஞாயிற்றுக் கூட்டத்துக்கு ஒரு அறை போதவில்லை. தாப்பாவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஸ்கந்தராஜா தள்ளாத வயதிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார், புதிதாக வருகிறவர்களிடம் இந்தத் திட்டம் தம்முடைய யோசனைதான் என்பது போலப் பேசுவார். புனிதவதி திருத்தியதில்லை.

எண்பத்தொன்பது கடைசியில் ஒரு திங்கட்கிழமை நல்லம்மாள் போன் செய்தாள். இப்போது வீட்டிலேயே போன் இருந்தது.

"மிஸ்ஸி, ராக்காயி ஈப்போல ரூம் எடுத்துத் தங்கப் போறாளாம். வாரக் கடைசில வருவா. கட்டில் சும்மா கெடக்கு."

புனிதவதி மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். முந்தின நாள் வந்த ஒரு சின்னப் பெண், பெயரைக்கூடச் சொல்ல மறுத்து, நாற்காலிக்கு அடியில் சுருண்டிருந்தாள்.

"ஒரு பிள்ளை இருக்கு," என்றாள். "கடிக்கமாட்டாள். துப்புவாள்."

"துப்பட்டும்," என்றாள் நல்லம்மாள். "என்ன சாப்பிடுவா?"

"இன்னும் தெரியேல்லை."

"சரி, கூட்டியாங்க. வந்து பாத்துக்கலாம்."